2038-க்குப் பிறகு நாற்பத்தொரு பக்கங்கள்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் தயக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், ஸ்டோர் ரூமில் நீங்கள் வைத்துவிட்டுப் போன சர்வர் பெட்டியும் நலம் என்று ஒரே மூச்சில் எழுதிவிடத்தான் ஆசை. ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகள் பஸ் டிப்போவில் கால அட்டவணை தயாரித்தவன் நான்; உறுதியில்லாத ஒன்றை உறுதிபோல எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. எனவே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நான் நலம் என்றுதான் நினைக்கிறேன். அத்தையின் இதய வால்வு ஆபரேஷன் வரும் பதினான்காம் தேதி காலை ஏழரை மணிக்கு என்பதில் இன்றைய நிலவரப்படி மாற்றமில்லை. அது என்ன இன்றைய நிலவரம் என்பது கீழே வரும். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. குழாய்க்காரர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெட்டி ஓடுகிறது. பேரக்குழந்தையின் படங்கள் ஒன்றுகூடக் குறையவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம், அடுத்த வரியைப் படித்ததும் நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்துவிடக்கூடும் என்பதுதான். நான் பெட்டியில் கை வைத்துவிட்டேன்.

உட்கார்ந்துகொள்ளுங்கள், மாப்பிள்ளை. இந்தக் கடிதத்தில் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: செய்ததை எப்படித் திரும்பப் பெறுவது? முடியாது என்று கையேட்டில் இருக்கிறது. ஆனால் டிப்போவிலும் முடியாது என்று சொல்லிவிட்டுப் பிறகு யாராவது உள்ளே போய் முடித்துக்கொண்டு வருவார்கள். நீங்கள் அப்படி உள்ளே போகக்கூடியவர் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நீங்கள் பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் மூன்றே வரிகள். ‘மாமா, இதை அணைக்க வேண்டாம். தண்ணீர் படக் கூடாது. வேறெதையும் தொட வேண்டாம்.’ ஒன்பது ஆண்டுகளாக மூன்றையும் காப்பாற்றினேன். தூசு துடைக்கும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஆனால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பெட்டி தானாக எழுந்து, திரையில் தன் உடல்நிலையைச் சொல்லுமே, அதைப் படிக்க நீங்களே கற்றுக்கொடுத்தீர்கள். அதில் ஒரு வரி எப்போதும் வரும்: இந்தக் கோப்பு முறைமை 2038-ஆம் ஆண்டு வரையிலான தேதிகளை மட்டுமே ஏற்கும். பெட்டி கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை அதற்கு மேல் தேதி வாங்காது என்று அத்தைக்கும் எனக்கும் நீங்கள் விளக்கினீர்கள். ஒன்பது ஆண்டுகளாக அந்த வரியை ஒரு தகவலாகத்தான் படித்தேன். அத்தைக்கு ஆபரேஷன் தேதி கொடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம் மின்சாரம் போய் வந்தது. அன்று அந்த வரியைப் படித்தபோது யாரோ வீட்டுக்குள் நின்று என்னைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. பின்னால் இஸ்திரிப் பலகையைத் தவிர யாருமில்லை.

அந்தக் கெடுவை நீக்கப் புதிய வசதி ஒன்று வந்திருக்கிறது என்றும், பழைய கோப்பு முறைமையிலேயே அதை இயக்கிக்கொள்ளலாம் என்றும், இயக்கிவிட்டால் 2486 வரை தேதி போடலாம் என்றும் கீழ்வீட்டுப் பல் டாக்டர் சொன்னார். அவரும் எக்ஸ்ரே படங்களுக்காக இதே மாதிரி ஒரு பெட்டி வைத்திருக்கிறார். “நான் போன மாசமே பண்ணிட்டேன் சார். ஊசி போடற மாதிரிதான். சுருக்குன்னு ஒரு நிமிஷம், அவ்வளவுதான்” என்றார். வேண்டாமென்றால் திரும்ப எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “பிடுங்கின பல்லைத் திருப்பி வைக்க முடியுமா சார்?” என்று அவர் சிரித்தார். 2486 வரை யாருக்குத் தேதி தேவைப்படும் என்றேன். “அதுவரைக்கும் எது மிஞ்சும்னு நினைக்கறீங்க? பல்லுதான் சார்” என்று அதற்கும் சிரித்தார். அவருடைய பற்கள் மிக வெண்மையானவை. படியேறி வரும்போது அவை என்னோடு கூடவே வந்தன.

நான் அவசரப்படவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். கையேட்டை மூன்று முறை படித்தேன். எல்லாவற்றையும் இரண்டு தனி டிஸ்க்குகளில் பிரதி எடுத்தேன். செய்ய வேண்டியதைத் தாளில் பதினொரு படிகளாக எழுதி, கீபோர்டின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வெறும் விசைகளை அழுத்தி நான்கு நாள் ஒத்திகை பார்த்தேன். அத்தை கதவருகே நின்று பார்த்துவிட்டு, “கச்சேரி எப்போ?” என்று கேட்டாள். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கீபோர்டை மாட்டி, கோப்பு முறைமையைப் பெட்டியின் ஓட்டத்திலிருந்து அவிழ்த்து, கமாண்டை எழுதினேன். பழைய முறையில் இதை இனித் திறக்க முடியாது என்ற எச்சரிக்கையை வாய்விட்டுப் படித்தேன். அழுத்தினேன். பெட்டி நான்கு நிமிடம் தன்னுள் ஒவ்வொரு மூலையாகத் தட்டித் தட்டிப் பார்த்தது. பிறகு நின்றது. ஒன்பது ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய இரைச்சல் திரும்ப வந்தபோது அரை சுருதி தாழ்ந்திருந்தது. மின்விசிறியில் தூசு இருக்கலாம். எனக்கென்னவோ நீண்ட நாள் உள்ளேயிருந்து தாழிட்டிருந்த கதவை யாரோ திறந்து, மரியாதையாக ஒதுங்கி நின்றதுபோலத் தோன்றியது. மகிழ்ச்சியோடு அத்தையிடம் போய், “இனிமே 2486 வரைக்கும் கவலையில்லை” என்றேன். “முதல்ல வியாழக்கிழமை வரைக்கும் குழாயைக் கவலைப்படுங்க” என்றாள். கவலைப்படுங்கள் என்று சொன்னாலும் அவள் முகம் ஒரு கணம் வெளுத்ததுபோல இருந்தது. அதை வால்வின் கணக்கில் எழுதிவிட்டேன்.

இனி என் நாட்குறிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியில் தினமும் ஒரு பக்கம் எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படி எழுதுகிறேன் என்பது தெரியாது. அட்டவணை போட்டே பழகியவன் ஆகையால் அன்றைய நாளைக் காலையிலேயே எழுதி முடித்துவிடுவேன். இத்தனை மணிக்கு நடை, இத்தனை மணிக்கு மாத்திரை, இத்தனை மணிக்குச் சாப்பாடு என்று எல்லாம் நடந்து முடிந்த பாவனையில் எழுதுவேன். மாலை ஆறு மணிக்கு அதே பக்கத்தை எடுத்து, நடக்காததைக் குறுக்கே அடித்து, நடந்ததைச் சேர்த்து, அடியில் ஒரு சிறிய அடையாளம் போடுவேன். டிப்போவில் சரிபார்த்து முடித்த அட்டவணையின் அடியில் போட்ட அதே அடையாளம். அது போட்டால்தான் அந்த நாள் முடிந்தது. காலையில் எழுதவே முடியாதது ஒன்றுதான்: உங்கள் அத்தை அன்றைக்கு என்ன சொல்வாள் என்பது. அது மாலையில்தான் சேரும். ‘அவள் சொன்னாள்’ என்று தொடங்கும் அந்த வரி இல்லாத பக்கமே ஒன்பது ஆண்டுகளில் கிடையாது. மகளின் பிரசவத்துக்காக அவள் உங்கள் வீட்டில் தங்கியிருந்த நாட்களிலும் ‘அவள் போனில் சொன்னாள்’ என்று இருக்கும். பாதிக்கு மேல் அந்தக் குழாயைப் பற்றியவை.

எழுதிய பக்கங்களை ‘வந்தவை’ என்ற ஃபோல்டரில் போட்டால், நீங்கள் எழுதிக்கொடுத்த ஏற்பாடு விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் தலைப்பிலுள்ள தேதியைப் பதித்து, நாட்குறிப்பு ஃபோல்டரில் வரிசையாக அடுக்கிவிடும். தேதி பதியாவிட்டால் ‘திரும்பியவை’ என்ற ஃபோல்டரில் தள்ளிவிட்டு மறுநாள் மறுபடி முயலும். என் பக்கம் ஒன்றுகூட இதுவரை திரும்பியதில்லை. அந்தக் கர்வத்தில் அந்த ஃபோல்டரை நான் திறந்ததே இல்லை.

கமாண்ட் கொடுத்த மறுநாள் காலை நாட்குறிப்பு ஃபோல்டரைத் திறந்தேன். வழக்கமாக வரிசையின் கடைசியில் முந்தைய நாள் பக்கம் நிற்கும். அன்று அது கடைசியில் இல்லை. அதற்குக் கீழே இன்னும் பக்கங்கள் இருந்தன. 2039 பிப்ரவரி. 2039 ஏப்ரல். 2040. 2041. எண்ணினேன். நாற்பத்தொன்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று. ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாகக் காலை வெயில் முழங்கால்வரை அடித்துக்கொண்டிருந்தது. முழங்கால் சில்லென்று இருந்தது.

முதல் பக்கத்தைத் திறந்தேன். அப்படியே தருகிறேன். ‘காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை ஒன்று, தண்ணீர் முழு டம்ளர். நடைக்குப் போகும்போது கதவைப் பூட்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். திரும்பி வந்து சூடாகச் சாப்பிட்டேன். நின்றுகொண்டு சாப்பிடவில்லை. ஒரு தட்டுதான் இருந்தது, உடனே கழுவி வைத்தேன்.’ அவ்வளவுதான். என் நடை, மாப்பிள்ளை. கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். இரண்டாவது பக்கம்: ‘மழை வரும்போல இருந்தது. துணிகளை நானே எடுத்து மடித்தேன். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்று நினைத்திருந்தேன். கட்டில் கம்பியில் ஒரு முனையைக் கட்டிக்கொண்டால் ஒருவரே மடிக்கலாம்.’ இன்னொன்று: ‘யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தேன்.’ கட்டில் கம்பி யோசனை நல்ல யோசனை என்று தோன்றியதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம்.

நாற்பது பக்கங்களைப் படித்தேன். ஒன்றில்கூட ‘அவள் சொன்னாள்’ இல்லை. ஒன்றிலும் அடியில் அடையாளமும் இல்லை. காலைகள் மட்டுமே, மாலையே இல்லாத நாற்பது நாட்கள். நாற்பத்தொன்றாவது பக்கத்தைத் திறக்கவில்லை. 2043 அக்டோபர் என்று தேதி போட்டிருந்தது. அதற்குப் பிறகு ஏன் பக்கம் இல்லை என்ற கேள்வி வந்ததும் கை தானாக விலகிக்கொண்டது. கணக்குப் போட்டால் அப்போது எனக்கு வயது தொண்ணூற்று மூன்று. உங்கள் அத்தைக்கு எத்தனை என்று கணக்குப் போட மனம் வரவில்லை, ஏனென்றால் அந்த ஒரு தட்டு கண் முன்னாலேயே நின்றது. பெட்டியின் பதிவேட்டைத் திறந்து இவை எங்கிருந்து வந்தன என்று தேடினேன். ‘திரும்பியவை’யிலிருந்து. ஒன்றரை ஆண்டுகளாக, ஒவ்வொரு நாளும் விடியற்காலை ஐந்தரைக்கு, இந்தப் பக்கங்கள் வந்து கதவைத் தட்டியிருக்கின்றன. 2038 என்ற அந்தக் கெடு ஒவ்வொரு நாளும் அவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அடுத்த அறையில் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இப்போது கதவைத் திறந்துவிட்டவனும் நான்தான்.

நான் படித்தவன், மாப்பிள்ளை. இப்படியெல்லாம் நடக்காது என்று எனக்குத் தெரியும். எப்போது எழுதினேன் என்பதுதான் தெரியவில்லை. நானே எழுதி நானே மறந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படியானால் எனக்கு மூளையில் கோளாறு. நான் எழுதவில்லையென்றால் பெட்டியில் கோளாறு. இரண்டும் இல்லையென்றால் வரப்போகும் பதினான்காம் தேதியில் கோளாறு. மூன்றில் எதை நான் தடுக்க முடியும் என்று பார்த்தேன். மூன்றாவதை மட்டும்தான். எனவே மத்தியானம் அத்தை படுத்திருந்தபோது கீழே இறங்கிப் போய், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

“ஆபரேஷனைத் தள்ளி வைக்கணும்” என்றேன்.

“என்ன காரணம் சார்? காய்ச்சல், சளி ஏதாவது?” என்று அங்கிருந்த பெண் கேட்டாள்.

“இல்லம்மா. தேதி சம்பந்தமா ஒரு சந்தேகம்.”

“பதினாலாம் தேதி உங்களுக்கு ஒத்து வரலையா சார்?”

“பதினாலு பரவாயில்லை. 2039-லதான் கொஞ்சம் இடிக்குது.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “சார், பேஷன்ட் நீங்களா?”

“இல்ல, பேஷன்ட் என் மனைவி. நான் பயந்தவன்.”

“நான் பேஷன்ட்கிட்டயே பேசிக்கறேன் சார்” என்று மிகவும் கனிவாகச் சொல்லி அவள் வைத்துவிட்டாள். அந்தக் கனிவை நான் கவனித்திருக்க வேண்டும். மேலே ஏறி வந்து ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, உங்கள் அத்தை வாசற்படியில் நின்றாள். கையில் போன்.

“யாரைக் கேட்டு நிறுத்தச் சொன்னீங்க?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“உங்களைத்தான் கேக்கறேன். ஏழு மாசம் காத்துக்கிட்டிருந்து வாங்கின தேதி. அந்தப் பொண்ணு என்கிட்ட, வீட்டுல சாருக்கு உடம்பு நல்லாத்தானே இருக்குன்னு கேக்குது. என் வால்வுக்கு நான் போறதா, உங்களைக் கூட்டிட்டுப் போறதா?”

திரையைக் காட்டினேன். வேறு வழி தெரியவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். முதல் பக்கத்தின் முதல் வரியைப் படித்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மருத்துவரைக் கூப்பிட வேண்டுமா என்று எழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வலது கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதுபோலச் சிரித்தாள்.

“இதெல்லாம் நான் எழுதினதுங்க.”

மாப்பிள்ளை, உங்களுக்கு நினைவிருக்கும், எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது மூன்று வாரம் நான் சொல்லச் சொல்ல அவள்தான் நாட்குறிப்பை எழுதினாள். அப்போதே என் நடை அவளுக்குப் பிடிபட்டுவிட்டதாம். “என்ன பெரிய நடை? எதைச் செஞ்சாலும் ரெண்டு தடவை செஞ்சேன்னு எழுதினா உங்க நடை வந்துடுது” என்றாள். ஒன்றரை ஆண்டுக்கு முன்னால் வால்வு சரியில்லை என்று முதன்முதலில் சொன்னார்கள் அல்லவா, அந்த வாரம் சமையலறையில் டேப்லெட்டோடு உட்கார்ந்து, தினம் ஐந்தாறாக, நாற்பது பக்கம் எழுதி ‘வந்தவை’யில் போட்டிருக்கிறாள்.

“எதுக்கு?” என்று கேட்டேன்.

“நான் இல்லாட்டி உங்களைச் சாப்பிடுங்கன்னு யார் சொல்லுவா? சொன்னாலும் கேக்க மாட்டீங்க. ஆனா எழுதி வச்சிருந்தா செய்வீங்க. அட்டவணையில இருந்தா தலைகீழா நின்னாவது செய்வீங்க, உங்களை எனக்குத் தெரியாதா?”

“அதுக்கு ஏன் 2039-ன்னு தேதி போட்டே?”

“அதுக்கு முன்னாடி தேதி போட்டா மறுநாளே நீங்க பாத்துடுவீங்களே. 2038-க்கு மேல போட்டா அந்தப் பெட்டி ஏத்துக்காது, ஒதுக்கி வச்சுடும்னு மாப்பிள்ளை அன்னிக்கு சொன்னாரே. இந்த வீட்டுல நீங்க கை வைக்காத இடம் அது ஒண்ணுதான். கடைசி நேரத்துல மகள்கிட்ட இடத்தைச் சொல்லிட்டுப் போயிடலாம்னு இருந்தேன். நீங்க 2486 வரைக்கும் கதவைத் திறந்து வைப்பீங்கன்னு யார் கண்டா?” என்றாள். பிறகு சிரிப்பு நின்று, “அப்புறம், அதுவரைக்கும் எழுதி வேற வைக்கணுமா? 2038 வரைக்கும் நானே சொல்லிக்கலாம்னுதான்” என்றாள்.

நான் அட்டவணைக்காரன், கணக்கு உடனே புரிந்துவிட்டது. 2038 வரை அவள் இருப்பதாகத் திட்டம். அந்தத் திட்டத்துக்குள் பதினான்காம் தேதி ஒரு சின்ன நிறுத்தம். அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தேதி அப்படியே இருக்கட்டும் என்றும், சாருக்கு ஒன்றுமில்லை, ரிட்டையர் ஆனவர் என்றும் சொல்லிவிட்டாள். “பக்கத்துக்கு அடியில அந்த அடையாளம் ஏன் போடலை?” என்று மட்டும் கேட்டேன். “அது நாள் முடிஞ்சப்புறம் நீங்க போடறதாச்சே. அதை எப்படிங்க நான் போடுவேன்?” என்றாள்.

ஆகவே மர்மம் எதுவுமில்லை, மாப்பிள்ளை. ஆனாலும் என் கோரிக்கை அப்படியே நிற்கிறது. நேற்று முழுவதும் பெட்டிப் பக்கம் போக முடியவில்லை. அவள்தான் எழுதினாள் என்று தெரிந்த பிறகும் அந்த ஒரு தட்டு அங்கே இருக்கிறது. நான் மாத்திரை போடும்போது அதுவும் எங்கோ அலமாரியில் நனைந்தபடி கவிழ்ந்திருக்கிறது. அவள் இல்லாத நாட்கள் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருக்கிற ஒரு வீட்டில் நான் இருக்க விரும்பவில்லை. அழிக்கலாமே என்பீர்கள், அவள் எழுதியதை அழிக்க என்னால் ஆகாது. எனவே அந்தப் புதிய வசதியை நீக்கி, நாட்கள் பழையபடி 2038-இல் முடிந்துபோகும்படி செய்துகொடுங்கள். பழைய பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும் என்றாலும் சரி, பதினொரு படியல்ல, நூற்றுப் பத்துப் படி என்றாலும் ஒத்திகை பார்த்து முடிக்கிறேன். அவற்றைக் கதவுக்கு வெளியே நிறுத்துங்கள். தட்டுவது கேட்காமல் தூங்கப் பழகிக்கொள்கிறேன்.

என் மகளிடம் பன்னிரண்டாம் தேதி இங்கே வரும் வண்டியில் ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லவும். பேரக்குழந்தைக்கு என் முத்தங்கள், இரண்டு முறை. உங்களுக்கு எல்லா நலமும் நீண்ட ஆயுளும் உண்டாகட்டும் என்று நானும் அத்தையும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் தாளின் மூன்றாவது வரியை மீறிய
மாமனார்

பி.கு.: மேலே கேட்டதில் எதையும் செய்ய வேண்டாம். பெட்டியைத் தொடவே வேண்டாம். நான் இந்தக் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். தலைப்பிலேயே நிறுத்தி, “நாப்பத்தொண்ணு இல்ல, நாப்பதுதான். நான் எண்ணி எழுதினேன்” என்றாள். நானும் எண்ணித்தான் எழுதினேன் என்றேன். கமாண்ட் கொடுப்பதற்கு முன்பு எடுத்த பிரதி டிஸ்க்குகள் இரண்டையும் மாட்டி, ‘திரும்பியவை’யைத் திறந்து பார்த்தேன். இரண்டிலும் நாற்பது. பதிவேட்டிலும் ஒன்றரை ஆண்டுகளாகத் தினமும் நாற்பது என்றே இருக்கிறது. கதவு திறந்த மறுநாள் விடியற்காலை மட்டும் நாற்பத்தொன்று உள்ளே வந்திருக்கிறது. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். எழுந்த நேரம், மாத்திரை, மெதுவான நடை, எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு வரி குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது. கடைசியில்: ‘அவள் சொன்னாள், குழாய் இன்னும் சொட்டுகிறதாம்.’ அதற்கடியில் என் அடையாளம். அத்தை அடையாளத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள், திரை ஈரமாக இருக்கிறதோ என்று பார்ப்பதுபோல. பிறகு, “பதினேழு வருஷத்துல ஒரு குழாயை மாத்த ஆள் கிடைக்கலையா உங்களுக்கு?” என்றாள்.

நீங்கள் அங்கிருந்தபடியே இந்தப் பெட்டிக்குள் வந்து போக முடியும் என்பது எனக்குத் தெரியும். அதை எழுதியது நீங்கள்தான் என்றால் தயவுசெய்து சொல்ல வேண்டாம். நீங்கள் இல்லை என்றால் அதையும் சொல்ல வேண்டாம். குழாய்க்காரருக்குப் போன் செய்து வியாழக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அத்தை கத்திக்கொண்டிருக்கிறாள். கத்தட்டும். சரிபார்த்து முடித்த அட்டவணையில் கை வைக்க எனக்குத் துணிவில்லை.